தூக்கும் எடை, தாங்கும் எடை

எச்.எம்.டி. என்றால் தமிழர்களுக்குக் கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் போட்டது, தினமும் சாவி கொடுத்தால் ஓடுவது. அரியானா, பஞ்சாப் கிராமங்களில் அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் வேறு. அங்கே அது டிராக்டர். கால்காவுக்குப் பக்கத்தில் உள்ள பிஞ்சோரில், செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தைக் கொண்டு 1971இல் அந்த அரசு நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய 25 குதிரைச் சக்தி வண்டி. மாடல் எண் 2511. நின்றுபோன கடிகாரத்தை ஞாபகார்த்தமாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். நின்றுபோன டிராக்டரை அப்படி வைத்துக்கொள்ள விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

அப்படி நின்றுபோன ஒரு 2511, கடந்த குளிர்காலத்தில் ஜீந்த் மாவட்டத்தில் ஒரு சாலையோரப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. வேறொரு டிராக்டர் சங்கிலி கட்டி அதை இழுத்து வந்தது. பின்னால் டிராலியில் இன்னொரு சாமான்: முன்பக்க லோடர். டிராக்டரின் முகத்தில் பொருத்தி மண், மணல், எரு என்று எதையும் அள்ளித் தூக்குகிற கருவி. இரண்டு இரும்புக் கைகள், ஒரு பெரிய பக்கெட், நான்கு ஹைட்ராலிக் சிலிண்டர்கள். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. ஐம்பது குதிரைச் சக்தி வண்டியிலிருந்து கழற்றியது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

வண்டியின் சொந்தக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டு முர்ரா எருமைகள் வைத்திருக்கிறார். வளர்ந்த எருமை ஒன்று நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். பதினெட்டுக்குக் கணக்குப் போட்டால் தினமும் சுமார் 300 கிலோ தேறும். கொட்டகையிலிருந்து எருக்குழி அறுபது தப்படி. தசலா என்று அங்கே சொல்லும் இரும்புச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஒரு சட்டிக்கு இருபது கிலோ என்றால் பதினைந்து நடை. பால் பணத்தை எண்ணுவது ஆண்கள். சாணம் பெண்களின் இலாகா. முப்பது வருஷமாக அந்த இலாகாவைக் கவனித்துவந்த அவருடைய தாயாருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைச்சுமை கூடாது. சுமை மருமகள் தலைக்கு மாறியது. அவளுக்கும் இப்போதே தோளில் வலி.

புது டிராக்டரும் புது லோடரும் வாங்கப் பல லட்சம் வேண்டும். பழையது இரண்டையும் சேர்த்துத் தொண்ணூறாயிரத்தில் முடித்துவிட்டார் மகன். மீதி பட்டறைக்காரர் பொறுப்பு.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் எல்லோரும் அவரைத் ‘தாவு’ என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் பெரியப்பா என்பதுபோல. 1980களில் ஒரு டீலரின் ஒர்க்ஷாப்பில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 2511ஐப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். என்ஜினைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஆயில் தேநீர் நிறத்தில் வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் ரிங்குகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாக வந்தன. சில லூதியானாவில் செய்தவை, சில ராஜ்கோட்டில் செய்தவை. டில்லி மோரி கேட் கடைகளில் கேட்டால் இன்றும் எடுத்துக் கொடுக்கிறார்கள். கிராங்க் ஷாஃப்டை லேத்துக்கு அனுப்பிக் கடைந்து வாங்கினார்கள். நாசில்களைச் சோதிக்கும் இடத்துக்கு அனுப்பி, டீசல் சொட்டாமல் புகைபோல் சீறுகிறதா என்று பார்த்து வாங்கினார்கள். பதினோராம் நாள் காலையில் வண்டி இருமியது, வெள்ளைப் புகை விட்டது, பிறகு இரண்டு சிலிண்டருக்கே உரிய தடதடப்போடு ஓடத் தொடங்கியது. பட்டறைப் பையன்கள் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் தகராறு ஆரம்பித்தது. “இனி லோடரை மாட்டிவிடலாம்” என்றார் சொந்தக்காரர். “இந்த லோடரையா? மாட்ட மாட்டேன்” என்றார் தாவு.

அவர் காட்டிய காரணம் சாதாரணக் கணக்குத்தான். இந்த வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தோராயமாக 1.8 மீட்டர். பக்கெட் தூக்கும் பாரம் முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்கும் என்று வைத்துக்கொள்வோம். பக்கெட்டில் 300 கிலோ ஏற்றினால் முன் அச்சில் இறங்குவது 300 கிலோ அல்ல, 500 கிலோ. கூடுதலான அந்த 200 கிலோ எங்கிருந்து வந்தது? பின்சக்கரத்திலிருந்து. ஏற்றப் பலகை விளையாடிய குழந்தைக்கும் இது புரியும். லோடரின் சொந்த எடை இதில் சேரவில்லை; ஐம்பது குதிரைச் சக்தி வண்டிக்குச் செய்த லோடருக்கு அதுவே பெரும் எடை.

பின்பக்கம் இலேசாவதில் இன்னொரு வினை இருக்கிறது. இந்த வகை டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். பக்கெட் நிறைந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். சாணம் மெழுகிய கொட்டகைத் தரையில் இதைச் சொல்லவே வேண்டாம்.

நான்கு சக்கரம் இருக்கிறதே என்ற தைரியமும் சரியல்ல. டிராக்டரின் முன் அச்சு மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதற்காக நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊஞ்சலாடுகிறது. எனவே பக்கவாட்டில் சாய்வதைப் பொறுத்தவரை வண்டி நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு பின்சக்கரங்கள், நடுவில் அந்தப் பின். முக்காலியின் ஒற்றைக் காலுக்கு மேல் பாரத்தைத் தலை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். புது டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமலிருக்க இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று சுவீடன் 1959இலேயே சட்டம் போட்டது. இந்த 2511இல் ஓட்டுபவருக்கு மேலே இருப்பது ஆகாயம்.

சொந்தக்காரர் விடவில்லை. சாலையில் எத்தனை பழைய டிராக்டர்கள் லோடரோடு ஓடுகின்றன, அவையெல்லாம் கவிழ்ந்தா கிடக்கின்றன என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலவும் நன்றாகத்தான் ஓடுகின்றன. எது எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாமலே ஓடுகின்றன என்பதுதான் விஷயம்.

தெரிந்திருக்க வேண்டிய இடம் பிஞ்சோர். எத்தனை கிலோவுக்காக அந்த முன் அச்சை வார்த்தார்கள், எந்த போல்ட்டில் எவ்வளவு பாரம் தொங்கவிடலாம் என்பதற்கு அங்கே வரைபடம் இருந்தது, பதில் சொல்ல என்ஜினியர் இருந்தார். நஷ்டத்தில் தத்தளித்த அந்த டிராக்டர் பிரிவை மூடிவிட மத்திய அமைச்சரவை 2016 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. ஆலை நிலத்தில் ஒரு பகுதி இப்போது ஆப்பிள் மண்டி. தொழிற்சாலை போனாலும் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. தேவை இருக்கும்வரை லூதியானா லேத்துகள் செய்துகொண்டே இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை. உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. உற்பத்தியாளரே இல்லாத வண்டிக்காரர் யாரிடம் போய்க் கேட்பார் என்று அது சொல்லவில்லை. கடைசியில் பதில் சொல்லும் பொறுப்பு, பள்ளிக்கூடம் தாண்டாத ஒரு மிஸ்திரியின் தலையில் வந்து விழுகிறது. அவரும் இன்னும் எத்தனை வருஷம் பட்டறைக்கு வருவாரோ.

இரண்டு நாள் வண்டி அப்படியே நின்றது. மூன்றாம் நாள் சொந்தக்காரர் இறங்கிவந்தார். என்ன செய்யலாம் என்று கேட்டார்.

தாவு செய்தது இதுதான். பெரிய பக்கெட்டை ஒதுக்கிவிட்டு, மெல்லிய தகட்டில் 150 கிலோ சாணத்துக்கு மேல் கொள்ளாத சின்னப் பக்கெட் அடித்தார். இரும்புக் கைகளை வெட்டிக் குட்டையாக்கினார். பாரம் எவ்வளவு முன்னால் தொங்குகிறதோ அவ்வளவு ஆபத்து அல்லவா? முன் அச்சின் கிங் பின், புஷ், சக்கர பேரிங் அத்தனையையும் மாற்றினார். நடுப் பின்னையும் புதிதாகக் கடைந்து போட்டார்.

லோடரை எங்கே பொருத்துவது என்பதில்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. என்ஜினும் கியர் பெட்டியும் பின் அச்சும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்ததே அதன் முதுகெலும்பு. எல்லாம் வார்ப்பிரும்பு. லோடரை என்ஜின் பக்கத்தில் நாலு போல்ட்டில் முடுக்கிவிட்டால், மண்மேட்டில் பக்கெட் மோதும் ஒவ்வொரு தடவையும் இடி அந்த வார்ப்பில் விழும். ஒரு நாள் விரிசல் விடும். வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை வெல்டிங் வைத்துச் சரிசெய்வது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. அதனால் கனமான சேனல் இரும்பில் இரண்டு பக்கமும் சட்டம் செய்து, பின் அச்சு வரை கொண்டுபோய்ப் பிணைத்தார். இடி முதுகெலும்பைத் தொடாமல் சட்டத்தின் வழியே பின்னால் போய்விடும்.

வண்டியின் பின்னால் இருக்கும் கலப்பை தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தால் மேலேறும், தன் எடையாலேயே கீழே இறங்கும். லோடருக்கு அது போதாது. பக்கெட்டை இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். எனவே தனி பம்பு, தனி எண்ணெய்த் தொட்டி, நெம்புகோல் வால்வு. 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது கிட்டத்தட்ட மூன்று டன் விசையோடு தள்ளும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று பம்புக்குத் தெரியாது. ஆகவே குறைந்த அழுத்தத்திலேயே எண்ணெய் திரும்பிப் போகும்படி வால்வைத் தளர்த்தி வைத்து, அதன் மேல் ஒரு சொட்டு வெல்டிங்கும் வைத்துவிட்டார், யாரும் பிறகு திருகிவிடாதபடி.

குழாய்களைச் சோதிக்கும்போது பையன்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஊசித் துளை அளவு கசிவு இருந்தாலும் அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதலில் எறும்பு கடித்ததுபோல்தான் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவை செய்துகொள்ளாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அவரிடம் தொழில் படித்த ஒருவன் அப்படித்தான் ஆள்காட்டி விரலை இழந்தான். கசிவைக் கண்டுபிடிக்கக் கையால் தடவாமல் ஓர் அட்டைத் துண்டைக் குழாயருகே நகர்த்திப் பார்க்க வேண்டும். அட்டை நனைந்தால் கசிவு.

கடைசியாக, பாதியாக வெட்டிய டீசல் டிரம்மில் கான்கிரீட் நிரப்பிப் பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில் தொங்கவிட்டார்கள். சுமார் 200 கிலோ. பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் தொங்குவதால் பின்சக்கரத்துக்கு அது 300 கிலோவாக உதவும். முன் அச்சிலிருந்து 100 கிலோவை இறக்கியும் வைக்கும். அவலட்சணமாகத்தான் இருந்தது. இதைக் கழற்றிவிட்டு லோடரை ஓட்டினால் வண்டியைத் திரும்பத் தன் பட்டறைக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார் தாவு. பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது, பாரத்தோடு சரிவில் இறங்குவதென்றால் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும், தூக்கிய பக்கெட்டின் கீழே எதற்காகவும் யாரும் நுழையக் கூடாது. ஒவ்வொன்றையும் சொந்தக்காரரைத் திரும்பச் சொல்லவைத்தார்.

வண்டியை எடுத்துப்போக வந்த அன்று தாயாரும் மருமகளும் கூடவே வந்தார்கள். பட்டறைக்குப் பக்கத்திலிருந்த எருக்குவியலில் வெள்ளோட்டம். மகன் பக்கெட்டை நிரப்பி மெல்லத் தூக்கினார். எல்லோரும் பக்கெட்டைப் பார்த்தார்கள். தாவு மட்டும் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தின் டயர் தரையில் பிதுங்கியபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை தசலா பிடிக்கும்?” என்று கேட்டார் தாயார்.

ஏழெட்டு என்றார்கள்.

“அந்தப் பெரிய பக்கெட்டாக இருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்” என்றார் மகன், இன்னும் மனசு ஆறாமல்.

“இரண்டு நடை போனால் என்ன? நான் பதினைந்து நடை போனேன்” என்றார் அந்த அம்மாள். பிறகு மருமகளைக் காட்டி, இவளுக்குக் கிளட்ச் எட்டுமா என்று தாவுவிடம் கேட்டார்.

தாவு அந்தப் பெண்ணைச் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். கால் எட்டவில்லை. பையனிடம் ஸ்பானர் கேட்டு வாங்கி, சீட்டின் போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு துளை முன்னால் தள்ளி முடுக்கினார்.