பெயர் மாறிய மீன்

அறியாத பொருளை அஞ்சுதல் மக்கள் இயல்பு. அஞ்சிய பொருளை அழிக்க முற்படுதலும் அவ்வியல்பின் வழிப்பட்டதே. சுறா என்ற சொல்லைக் கேட்ட அளவிலே, வாள் போன்ற பற்களும் குருதி கலந்த நீரும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், உலகக் கடல்களில் வாழும் 500-க்கு மேற்பட்ட சுறா வகைகளுள் மனிதரைத் தாக்குவன மிகச் சிலவே. மனிதராலோ ஆண்டுதோறும் கோடிக்கணக்கான சுறாக்கள் மடிகின்றன. யாரை யார் அஞ்ச வேண்டும் என்பதை, மாணவர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மீன்கள் அனைத்தினும் பெரியது திமிங்கிலச் சுறா. பெயரில் திமிங்கிலம் இருப்பினும் இது மீனே. 18 மீட்டர் நீளம் வரை வளர வல்லது. கரிய சாம்பல் நிற முதுகின்மேல் வெண்புள்ளிகள் விண்மீன்களென விளங்கும். இத்துணைப் பெரிய உயிர் உண்பதோ நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையுமே. அகன்ற வாயைத் திறந்து நீரை உள்வாங்கி, செவுள்களின் வழியே வடித்து, இரையை மட்டும் கொள்ளும். மனிதரை நாடித் தாக்குவதில்லை.

இத்தகைய சாதுவான உயிர், குஜராத் மாநிலத்துச் சௌராஷ்டிரக் கடற்கரையில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டது. வேராவல் முதலிய துறைகளில் வாழும் மீனவர், இதன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை மரப்படகுகளில் நீர் புகாதவாறு பூசினர். பின்னர் இதன் இறைச்சிக்கு அயல்நாடுகளில் நல்ல விலை கிடைக்கவே, வேட்டை பெருகியது. சுறாவின் உடலில் பெரிய கொக்கியைச் செருகி, கயிற்றில் பீப்பாய்களைப் பிணைப்பர். ஆழத்தில் மூழ்க இயலாமல் அது களைத்த பின்னர்க் கரைக்கு இழுத்து வருவர். அதனால் அம்மீனுக்கே 'பீப்பாய்' என்பது பெயராயிற்று. கொல்லுதற்குக் கொண்ட கருவியின் பெயரே கொல்லப்படும் உயிருக்குப் பெயராய் நின்ற அவலத்தை என்னென்பது!

மைக் பாண்டே என்னும் படப்பிடிப்பாளர் இக்காட்சிகளை ஆவணப்படமாக்கி, 2000-ஆம் ஆண்டளவில் உலகறியச் செய்தார். 2001-ஆம் ஆண்டில் நடுவண் அரசு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இச்சுறாவைச் சேர்த்தது. புலிக்குரிய காப்பு ஒரு மீனுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

சட்டம் பிறந்துவிட்டது. ஆனால் நடுக்கடலில் அதனை எடுத்துரைப்பார் யார்? மீனவர் பலர் அதனை அறிந்திலர். வேட்டையாடும் எண்ணமே இல்லாதவர் வலையிலும் சுறா தானே வந்து சிக்கும். அதனை உயிரோடு விடுதற்கு வலையை அறுத்தல் வேண்டும். உழவனுக்கு ஏர் எத்தகையதோ, மீனவனுக்கு வலை அத்தகையது. கடன்பட்டு வாங்கிய வலையை ஒரு மீனுக்காக அறுக்க எவன் துணிவான்?

இந்நிலையில், 2004-ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் ஆகியன ஒன்று சேர்ந்து மக்களிடம் சென்றன. ஊர்தோறும் நாடகங்கள் நடிக்கப்பட்டன. இராமகதை சொல்வதில் புகழ்பெற்ற மொராரி பாபு துணை நின்றார். மகப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்று இச்சுறா நம் கரைக்கு வருகின்றது; வந்த மகளைக் கொல்லலாமோ என்பது அவர் எடுத்துரைத்த கருத்து. 'பீப்பாய்' என்ற பெயர் மறைந்து, அன்புக்குரியவள் எனப் பொருள்படும் 'வஹாலி' என்னும் குஜராத்திப் பெயர் வழங்கலாயிற்று.

அன்பினால் பசுவைத் தாயென உயர்திணையில் வைத்துச் சொல்வதை, உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. பல்லாண்டு அவ்விதியைக் கற்பித்த எனக்கு, அது நூலிற்கு மட்டும் உரியதன்று என்பதை அம்மீனவரே உணர்த்தினர். மீனை மகளாக்கியபின் அவர்தம் கை அறுவாளை வலையின்மேல் வைத்தது.

ஆயினும், அன்புரை மட்டும் வயிற்றை நிரப்பாது. இதனை உணர்ந்தே, அறுபட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடு வழங்கிற்று. அதிகாரி வந்து காணும்வரை சுறா வலையில் கிடந்து துன்புறாதவாறு, மீனவரே நிழற்படம் எடுத்துச் சான்று காட்டும் முறையும் வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் 800-க்கு மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் உயிரோடு கடலுக்கு மீண்டன.

ஏழை வாடும்போது மீனுக்கு இரங்குதல் முறையோ என்று வினவுவார் உளர். நல்ல வினாவே. காக்க வேண்டும் என்று ஊரார் அனைவரும் பேச, இழப்பை ஒருவன் மட்டும் சுமத்தல் அறமாகாது. காப்பதன் பயன் எல்லார்க்கும் உரியதெனின், அதன் செலவும் எல்லார்க்கும் உரியதே. குஜராத் கடற்கரையில் அன்பும் ஈடும் ஒருங்கு சென்றமையால் அன்றோ முயற்சி பலித்தது!

இங்கு இன்னொன்றும் எண்ணத்தக்கது. சாதுவான உயிரை மகளென ஏற்றல் எளிது. கூரிய பல்லுடைய சுறாவுக்குத் தாய்வீடு தருவார் யார்? நலிந்த மீன்களை உண்டும், இரையினம் அளவு கடவாமல் காத்தும், கடலின் ஒழுங்கை நிலைநிறுத்துவன அவையே. சுறாக்கள் பருவம் எய்தப் பல்லாண்டு ஆகும். ஈனும் குட்டிகளும் பெரும்பாலும் சிலவே. ஆதலின் கொன்ற அளவுக்கு மீண்டும் பெருக அவற்றால் இயலாது. 1970 முதல் 2018 வரை, பெருங்கடல்களின் திறந்த பரப்பில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் ஏறத்தாழ 71 விழுக்காடு குறைந்தன என ஆய்வாளர் கணித்துள்ளனர். 2015-ஆம் ஆண்டில் நம் நாடு சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. அத்தடையும் மக்கள் மனம் துணை நின்றாலன்றி முழுப்பயன் தராது.

அச்சுறாக்களை மகளென அழைக்க நம் நா எழாதாயின், அழைக்க வேண்டா. அவை அஃறிணையாகவே இருக்கட்டும். அஃறிணைக்கும் வாழும் உரிமை உண்டு என்று அறிந்தால் போதும். அன்பு தொடங்கி வைத்த பணியை அறிவு நிறைவு செய்தல் வேண்டும். அவ்வறிவைப் பெறுதலும் பிறர்க்கு உரைத்தலும் மாணவராகிய உங்கள் கடனாம்.