காய்ச்சல் விட்டதும் ஊசி எதற்கு?

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப் போச்சு. மறுபடியும் ஏன் இரத்தம் எடுக்கணும்?" ஜொகூர் பாருவிலிருந்து என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் தாய்மார்கள் கேட்பது இது.

இன்ஃபுளுவென்சாவிலும் வெள்ளை அணுக்கள் குறையலாம். டிங்கியில் அதோடு நில்லாமல் பிளேட்லெட்டும் பெரும்பாலும் நாளுக்கு நாள் இறங்கும். கூடவே ஹெமட்டோகிரிட் என்னும் சிவப்பணு விகிதம் ஏறினால், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்.

அந்த ஆபத்து பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் தணியும்போதுதான் வரும். அதனால்தான் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை மருத்துவர் ஒப்பிடுகிறார்.

கிளினிக் மாறினாலும் பழைய ரிப்போர்ட்டைக் கொண்டு போங்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, அசதி தெரிந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.