நாடு காணாக் காதை

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு புதுவகை வீரம் தலையெடுக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தாம்பரம் தாண்டினோம், மாலை நான்கு மணிக்கெல்லாம் கன்னியாகுமரி என்று மார்தட்டும் வீரம். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பத்து நாள் பயணத்தின் முதல் நாள் இவ்வாறு 'முடிக்கப்படுகிறது'. பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள், ஆளுக்கொரு கைப்பேசி. வழியில் என்ன கண்டீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுங்கச்சாவடியும் ஒரு சிற்றுண்டிச் சாலையின் கழிப்பறையும் தவிர வேறொன்றும் வாராது. இதனைப் பயணம் என்று அழைக்க நாம் உடன்படவில்லை. பொதி அனுப்பும் நிறுவனங்கள் செய்யும் தொழிலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று குழந்தை கேட்பது பெரிய தொல்லையாகப் பேசப்படுகிறது. அக்கேள்வி நம் இலக்கியத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், புகாரை விட்டு ஒரு காவதம் நடந்த அளவிலேயே கண்ணகி தளர்ந்து, மதுரை எது என்று வினவுகிறாள். முப்பது காதம் என்று வாய்விட்டுச் சொல்லக் கோவலனுக்கு மனம் வரவில்லை. எண்ணை ஆறு, ஐந்து என்று பிரித்து, அருகில்தான் என்று சிரித்துச் சமாளிக்கிறான். கொடிய துயரத்தில் கிளம்பிய பயணம் அது. ஆயினும் அம்முதல் நாளிலேயே கவுந்தியடிகள் வழியின் இயல்பை விரித்துரைக்கிறார். சோலை வழியே சென்றால், கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த சண்பகப் பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். வயல் வழியே சென்றால், நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். கரும்பில் கட்டிய தேன் உடைந்து நீரில் கலந்திருக்கும், அறியாமல் அள்ளிப் பருகிவிடக் கூடாது. நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்றும் இளங்கோ குறிக்கிறார். அக்காதைக்கு 'மதுரை சேர் காதை' என்று பெயரில்லை என்பதைக் கருதுக.

நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் சிறுபாணாற்றுப்படை நடத்துகிறோம். 269 அடிகளில் பெரும்பகுதி வழியும் வழியில் கிடைக்கும் உணவுமே. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்று சொன்னால், மாணவர்கள் வியப்போடு நிமிர்கிறார்கள். அவர்களுள் பலர் அந்தப் புறவழிச் சாலையில் ஆண்டுக்கு நான்கு முறை போய்வருபவர்கள்! திண்டிவனம் அவர்களுக்கு வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டிய ஓரிடம், அவ்வளவே. தேர்வில் மட்டும் ஓய்மாநாடு பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள்.

ஆறுகளை எண்ணுவோம். சென்னையிலிருந்து குமரி செல்லும் அந்த ஒரே நாளில் பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வையை, பொருநை என ஏழு ஆறுகளைக் கடக்கிறோம். ஒரு தமிழ்க் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த நிலநூல் பாடம் எந்தப் பள்ளியில் கிடைக்கும்? ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாலம் என்பது சக்கரத்தின் ஓசை சற்று மாறும் சில நொடிகள் மட்டுமே. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து விழுப்புரம் அருகே அரசூர்ப் பகுதியில் வெள்ளம் நெடுஞ்சாலையில் ஏறிப் போக்குவரத்தை நிறுத்தியது. அன்றுதான் பலருக்கு அங்கே ஆறுகள் இருப்பதே தெரிந்தது.

மறுப்புகளை நாம் அறியாமல் இல்லை. குழந்தைகள் சாளரத்தைப் பார்க்க மாட்டார்கள், சண்டையிடுவார்கள், வாந்தி எடுப்பார்கள் என்பர். ஓடும் வண்டியில் குனிந்து திரையைப் பார்த்தால் குமட்டல் கூடும் என்பதை ஏனோ இவர்கள் கணக்கில் கொள்வதில்லை. தாய்மார்களின் களைப்பை மதியாமல் பேசுகிறோம் என்றும் சிலர் சினக்கலாம். நம் வழக்கு அவர்களோடு அன்று. இரவு இரண்டு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறியவர் அவர். பத்துப் பேர் கை கழுவ நீரும், மாற்றுடையும், எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்தவரும் அவரே. 700 கிலோமீட்டர் என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் அவரல்லர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆடவர். "தண்ணீர் நிறையக் குடிக்காதே, அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்வாய்" என்று ஏழு வயதுப் பெண் குழந்தையிடம் சொல்லும் குரலை எத்தனை வண்டிகளில் கேட்டிருக்கிறோம்! சித்திரை வெயிலில் நாவறண்ட குழந்தையின் தாகத்தையும் சிறுநீரையும் அடக்கிச் சேர்க்கும் அந்த இரண்டு மணி நேரத்தை வைத்து இவர்கள் என்ன செய்கிறார்கள்? விடுதி அறையில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள்.

முதல் நாளைத் திருச்சிராப்பள்ளியோடு நிறுத்தினால் என்ன குடிமுழுகிவிடும்? 330 கிலோமீட்டர்தான். மதுராந்தகம் ஏரிக்கரையில் அரை மணி நேரம், கிடங்கிலில் ஒரு மணி நேரம், கொள்ளிடப் பாலத்தை அந்தி வெளிச்சத்தில் கடத்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்தில் இலக்குகளைத் துரத்துபவர் விடுமுறையிலும் ஓர் இலக்கைத் தாமே வகுத்துக்கொண்டு, வீட்டார் அனைவரையும் அதில் ஊழியராக்குவது வினோதமான அடிமைத்தனம்.

இவ்வாண்டு கிளம்புவோர் செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாற்றுப் பாலத்தில் கைப்பேசிகளை அணைக்கச் சொல்லுங்கள். அகன்ற மணற்பரப்பைப் பார்த்ததும் குழந்தை முதலில் கேட்கப்போவது, "தண்ணீர் எங்கே?" என்பதுதான். 1892ஆம் ஆண்டின் சென்னை-மைசூர் ஒப்பந்தம் தொடங்கி மணல் கொள்ளை வரை சொல்வதற்கு நிறைய இருக்கிறது. திண்டிவனம் வரை போதும்.