படிச்ச பொண்ணுதானே, தெரியாதா?

ஸ்ரீரங்கத்துத் தோழி, கான்டாக்ட் லென்ஸை வீட்டுக் குழாய்த் தண்ணியில அலசிப் போட்டுக்கிட்டிருந்தா. அகாந்தமீபா! கருவிழியில புண்ணு, தூக்கமில்லாம மணிக்கொருதரம் சொட்டு மருந்து. லென்ஸ்ல தண்ணி படக்கூடாதுன்னு திருச்சிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லலை. கேட்டா, 'படிச்ச பொண்ணுதானே, தெரியாதா?'ங்கறார்.

அண்ணே, தெரிஞ்சிருக்க வேண்டியது நீங்க. தயாரிப்பாளரோட எச்சரிக்கையைச் சொல்லாம வித்து, அதனாலயே பாதிப்பு வந்தா வித்தவரும் பொறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 86.

2006ல ஃபுஸேரியம் பூஞ்சைத் தொற்று கிளம்பினதும் பாஷ் அண்ட் லாம் தன்னோட ரீனியூ மாய்ஸ்சர்லாக் திரவத்தை உலகம் பூரா திரும்ப எடுத்துக்கிச்சு. அமெரிக்காவுல நூத்துக்கணக்கான பேர் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினாங்க. நாம? 'நம்ம கவனக்குறைவு'ன்னு தலையைக் குனிஞ்சுக்கறோம்.

ரெண்டு வருஷத்துக்குள்ள திருச்சி மாவட்ட ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். லென்ஸ் விலைக்கெல்லாம் கட்டணமே கிடையாது. ஆனா 'பில் வேணாம்னா அம்பது ரூபா கம்மி'ன்னதுக்கு அம்மணி தலையாட்டிட்டு வந்திருக்கா. கடுப்பே அதுதான். டப்பாவையாவது தூக்கிப் போடாதேன்னு சொல்லியிருக்கேன், லாட் நம்பர் அதுலதான் இருக்கு.