காக்கிச் சட்டைக்குக் கல்வி எதற்கு?

தடி பிடிக்கத் தெரிந்தால் போதாதா, தாவி ஓடத் தெரிந்தால் போதாதா, போலீஸ்காரனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்போர் இன்னமும் இருக்கிறார்கள் நாட்டிலே! கேட்பவர் மாடியிலே இருப்பவர். அவர் வீட்டு வாயிலுக்கு வரும் காவலர், ‘சார்’ என்று அழைத்துவிட்டுக் காத்து நிற்பார். தடி சுழலும் இடங்கள் வேறு: ஆலை வாயில், குடிசைப் பகுதி, சந்தைக் கடை! ஆகவே, அந்தக் கேள்விக்கு விடை கூற வேண்டியவர்கள் மாடிவாசிகளல்ல, நாம்!

விடிந்தும் விடியாத வேளையிலே நமது ஊர்த் திடல்களைப் பாருங்கள், தோழர்களே! நெசவாளியின் மகன் ஓடுகிறான். கொத்தனாரின் மகன் கயிறு ஏறுகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்திலே ஓடி முடிக்க வேண்டுமே என்பது அவன் கவலை. ஓடட்டும், நல்லதே! ஆனால் கணக்கைப் பார்த்தானா? இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு 2023 இல் வெளியான அறிவிப்பிலே, 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல் திறனுக்கு 24, என்.சி.சி., நாட்டு நலப்பணி, விளையாட்டு ஆகியவற்றுக்கு 6. அதற்கும் முன்னே தமிழ்த் தகுதித் தேர்வு! 80க்கு 32 பெறாதவனின் அடுத்த விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. கேட்கும் படிப்போ 10 ஆம் வகுப்புத்தான். ஆனால் வரிசையிலே பட்டதாரிகளும் நிற்கிறார்கள். காலுக்கு 24, தலைக்கு 70! திடலை மட்டும் நம்பியவன் திரும்பி வருகிறான், கண் கலங்க.

வேலை கிடைப்பதற்கு மட்டுமா படிப்பு? அல்ல, அல்ல!

1855 ஆம் ஆண்டு. வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் சென்னை மாகாணத்திலே மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்களா என்று ஆராய்ந்த குழு, ஆம் என்று அறிக்கை தந்தது. 1859 இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. 1861 இல் இந்தியாவுக்கே வந்தது. சட்டம் வந்தது, சீருடை வந்தது; சித்திரவதை ஒழிந்ததா? 2020 ஜூன் திங்களிலே, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்ததாகக் கூறி சாத்தான்குளத்திலே கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டனரே, மறந்தோமா?

கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெற வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 இலேயே கூறிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். இதை அறியாத காவலர், மேலே இருப்பவர் ‘அடி’ என்றால் அடிப்பார். அறிந்தவருக்கோ, ‘ஐயா, சட்டம் இடந்தரவில்லையே’ என்று சொல்ல ஒரு பிடிமானம் இருக்கும்.

படித்தவன் அடிக்க மாட்டானா என்று கேட்பீர்கள். அடிப்பான்! நெஞ்சிலே ஈரமில்லாவிட்டால் பட்டமும் ஒரு தடிதான். ஆனால் ஈரமுள்ள நெஞ்சுக்கும் துணை வேண்டாமா? அந்தத் துணைதான் படிப்பு.

பழைய படிப்பும் இன்று போதாது. 2024 ஜூலை முதல் நாள் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்று நடைமுறைக்கு வந்தன. பெயரை உச்சரிக்கவே தமிழனின் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! கொலைக் குற்றம் என்றால் 302 என்று பழகியிருந்தோம். இன்று அது 103. ஏமாற்றுக்கு 420 என்றோம், இன்று 318. வீட்டிலே சோதனை நடத்தினால் அதைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளியின் கூலியைக் கைப்பேசி வழியே ஒருவன் உருவிவிட்டால், 1930 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்லிப் பணத்தை மடக்க வழிகாட்டத் தெரிய வேண்டும். தடிக்கு இங்கே என்ன வேலை?

எனவே தோழர்களே, நமது படிப்பகங்களின் விளக்கு மாலையிலே எரியட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரை அழையுங்கள். வழக்கறிஞர் தோழரை அழையுங்கள். கண்ட நிகழ்ச்சியைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரு பக்கம் எழுதப் பிள்ளைகளைப் பழக்குங்கள். புகார் மனு நியாயமாக எழுதப்படுவது அதிலேதான் தொடங்குகிறது. உளவியலும் தேர்விலே உண்டு; அதை மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல, அழுதுகொண்டு நிலையத்துக்கு வருபவளிடம் பேசத் தெரிவதற்காகவும் படிக்கச் சொல்லுங்கள். முதலுதவியும் தட்டச்சும் கணினியும் கற்றுக் கொடுங்கள்.

நாளைக்கு ஆலை வாயிலிலே நமக்கு எதிரே நிற்கப்போகிறவன் நம் வீட்டுப் பிள்ளைதான். அவன் கையிலே தடி இருக்கும், அதை நாம் தடுக்க முடியாது. அவன் தலையிலே சட்டமும் நெஞ்சிலே நாமும் இருக்க வேண்டுமா, வேண்டாமா? காலையிலே திடல், மாலையிலே படிப்பகம், இன்றே தொடங்குவோம்!