ஜானு வேறு யார் பாட்டைப் பாடுவாள்?



'96' படத்தில் தன் பழைய பாடல்களை எடுத்தாண்டதை 2019-இல் ஒரு பேட்டியில் இளையராஜா சாடினார். அந்தக் காலத்துக்கு ஏற்ற பாட்டைப் போடத் தெரியாதவர்களின் இயலாமை என்றார். ராஜா சொன்னால் அப்பீல் இல்லை என்கிறீர்கள். இசையில் சரி. சினிமாவிலுமா? ராயல்டி கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம்தான்.

தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பெயரிலேயே ஜானகி, தொண்ணூறுகளில் பாடச் சொன்னால் வேறு யார் பாட்டைப் பாடுவாள்? ராம் ஏங்கிக் கேட்டும் பாடாத அந்தத் 'தளபதி' பாட்டை, எத்தனையோ வருடம் கழித்துக் கரண்ட் போன இருட்டில் பாடுகிறாள். நேற்றுப் போட்ட மெட்டென்றால் நமக்கு நெஞ்சு அடைத்திருக்குமா?

இயலாமையாம்! அதே படத்துக்குக் கோவிந்த் வசந்தா போட்ட மெட்டுதானே உங்களில் பாதிப்பேருக்கு ரிங்டோன்?