350 சதுர அடியும் குடும்ப ஜெபமும்

மும்பையின் தாராவி மறுசீரமைப்பைப் பற்றிய பேச்சில் வீடு, கடை, பட்டறை எல்லாம் கணக்கில் வருகின்றன. கிறிஸ்தவச் சபைகள் குறைவாகவே வருகின்றன. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஒப்பந்தப்புள்ளியை வென்றது. 2025 மே மாதம் முதன்மைத் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு ஒப்புதல் தந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு உண்டு. பின்னால் வந்தவர்களும் மாடி அறைகளில் இருப்பவர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். கீழே பெற்றோர், இரும்பு ஏணி ஏறினால் மேலே மணமான மகன் என்று வாழும் குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 90 அடி சாலையிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் நடந்தே கோயிலுக்குப் போய்ப் பழகிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இனி வெவ்வேறு ரயில் நிலையங்களில் இறங்க வேண்டியிருக்கும். விசுவாசத்தைக் குடும்பமாக வாழ்வது என்றால் என்ன என்று இந்தக் குடும்பங்கள் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய காலம் இது. அந்தத் தீர்மானம் மாலை ஜெபத்தோடு நின்றுவிடக் கூடாது. வீட்டின் சொத்து, திருமணம், சாதி வரைக்கும் போக வேண்டும். அதில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் குரல் இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பங்களில் பல திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவை. அங்கே விசுவாசம் பெரும்பாலும் ஊராகவே வந்தது. 1799ல் முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவானது. 1820 முதல் 1838 வரை அப்பகுதியில் ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ், துரத்தப்பட்ட புது விசுவாசிகளைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்கென்றே 1830ல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். ஊராகச் சேர்ந்ததால்தான் ஏழைகள் பிழைத்தார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஊர் சேர்ந்தால் குடும்பத் தலைவர் சேர்ந்தார், தலைவர் சேர்ந்தால் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்ததாகக் கணக்கு. மும்பையில் அந்த ஊரின் இடத்தைச் சபை எடுத்துக்கொண்டது. பாமாலையும் கீர்த்தனையும் அசனமும் பிரதிஷ்டைப் பண்டிகையும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்தன. அப்பாவின் குரலில் மட்டும் நடக்கும் குடும்ப ஜெபமும் வந்தது. சபை சிதறும்போது வீடுதான் மிஞ்சும். அந்த வீட்டில் இருப்பவர்கள் தங்களுடையது என்று எடுத்துக்கொண்ட விசுவாசம் இல்லாமல் அப்பாவின் பழக்கம் மட்டும் இருந்தால், புதுக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் அது எத்தனை நாள் நிற்கும்?

குடும்பமாக என்பது ஒருவர் முடிவில் எல்லோரும் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். சித்பாவன் பிராமணக் குடும்பம். மனைவி லட்சுமிபாய்க்கு அது இடி. மகனை வைத்துக்கொண்டு உறவினர் ஆதரவில் ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழ்ந்தார். பிறகு கணவரிடம் திரும்பினார். அப்போதும் தன் ஆசாரத்தை விடவில்லை, தனியாகத்தான் சமைத்துக்கொண்டார். திலக் அதற்கு இடம் கொடுத்தார். அந்தக் காலத்துக் கணவனுக்கு இருந்த அதிகாரத்தை நினைத்தால் இது சிறிய விஷயமில்லை. சாதியை மனிதர்தான் உண்டாக்கினார்கள் என்ற தெளிவு லட்சுமிபாய்க்குத் தானாகவே வந்தது. இனி யார் கையாலும் உண்ணலாம், குடிக்கலாம் என்று அவர் முடிவெடுத்த பிறகுதான், 1900ல், ஞானஸ்நானம் பெற்றார். 1919ல் கணவர் இறந்தபோது பாதியில் நின்ற ‘கிறிஸ்தாயன்’ காவியத்தைப் பிற்காலத்தில் தொடர்ந்து எழுதியவரும் அவரே. அவருடைய தன்வரலாறான ‘ஸ்மிருதிசித்ரே’ மராத்தி உரைநடையின் உச்சங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. காத்திருந்ததால் திலக் இழந்தது ஐந்து ஆண்டுகள். அவசரப்படுத்தியிருந்தால் இப்படி ஒரு துணையை அவர் அடைந்திருப்பாரா என்பது சந்தேகம். லட்சுமிபாய் வாழ்வில் எது முதலில் மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் சாப்பாட்டு இலை மாறியது. ஞானஸ்நானம் பிறகு வந்தது.

தாராவி அறையில் குடும்ப ஜெபத்துக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை என்று சொல்வார்கள். அப்பா இரவு ஷிப்ட், மகள் டியூஷன், விடிவதற்குள் தண்ணீர் பிடித்தாக வேண்டும், உண்மைதான். ஆனால் வேதாகமத்தில் வரும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதி. ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டு கொரிந்துவுக்கு வந்தவர்கள். தொழிலும் குடியிருப்பும் ஒட்டிக்கிடந்த அப்படிப்பட்ட வீட்டில்தான் சபை கூடியது. சில இடங்களில் மனைவியின் பெயர் கணவர் பெயருக்கு முன்னால் வருகிறது. சிரியாவின் துரா யூரோப்போஸில் கண்டெடுக்கப்பட்ட 3ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்கூட ஒரு சாதாரணக் குடியிருப்பு வீட்டை மாற்றியமைத்ததுதான். இடம் போதாது என்று அவர்கள் கூடாமல் இருந்துவிடவில்லை. தினமும் இரவு எட்டு மணி என்ற ஒழுங்கு தாராவிக்கு ஒத்துவராவிட்டால், எல்லோரும் வீட்டிலிருக்கும் ஒரு ஞாயிறு மாலை போதும். அதில் வசனத்தை வாசிப்பது பத்து வயது மகளாக இருக்கட்டும். ஜெபிப்பது பாட்டியாக இருக்கட்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்ட குடும்பங்களுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு போன் என்பதுதான் அங்கே பிரச்சினை.

இன்னும் கனமான ஆட்சேபம் பிள்ளைகளைப் பற்றியது. விவரம் தெரியாத வயதில் மதத்தைக் கொடுப்பது திணிப்பல்லவா என்று கேட்கிறார்கள். இந்தியா 1992ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14ஆவது பிரிவு இதற்கு நிதானமான பதில் வைத்திருக்கிறது. மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு. அதன் வளர்ச்சிக்கு ஏற்ற வகையில் வழிகாட்டப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. தாய்மொழியைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்று எந்தப் பெற்றோரும் சொல்வதில்லை. விசுவாசமும் அப்படித்தான் முதலில் வீட்டில் காதில் விழுகிறது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டுவதும், கோயிலுக்கு வராவிட்டால் முகம் கொடுக்காமல் இருப்பதும் திணிப்புதான். மறுப்பதற்கு இடமில்லாத வீட்டில் வரும் சம்மதத்துக்கு மதிப்பில்லை. பயந்து முழங்கால் போடும் பிள்ளை, வேலை கிடைத்து வேறு ஊர் போன மறுநாளே எழுந்துவிடும்.

இனி, பெரும்பாலான பிரசங்கங்கள் தொடத் தயங்கும் இடத்துக்கு வருவோம். தகுதிப் பட்டியலில் வரப்போகும் அந்த 350 சதுர அடி யாருக்கு? இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு சொல்கிறது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்கள் அந்தச் சமத்துவத்துக்காக 1986ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை காத்திருந்தார்கள். அவர்களுக்கு எதிராக நின்ற உள்ளூர்ச் சட்டத்துக்கு அடிப்படை கிறிஸ்தவக் குடும்ப வழக்கம்தான். தாராவியிலும் அந்த வழக்கம் உயிரோடு இருக்கிறது. சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று என்ற ஒரே வார்த்தையில் அக்கா தங்கையின் பங்கு முடிந்துவிடுகிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த தங்கையோடு அண்ணன் அன்று இரவு ஒரே பாயில் முழங்கால் போட்டால், அந்த ஜெபத்தை என்னவென்று சொல்வது? பெண் பார்க்கும்போதும் இதேதான். ஒரே சபை, ஒரே பாமாலை. ஆனால் ஜாதகம் பார்க்காத வீட்டிலும் சாதி பார்க்கப்படுகிறது. லட்சுமிபாய் முதலில் விட்டதை நம் வீடுகள் கடைசிவரை விடுவதில்லை.

சாதியைப் பேசினால் சாதிச் சான்றிதழையும் பேச வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சீக்கியர்களுக்கு 1956லும் பௌத்தர்களுக்கு 1990லும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தப் பாகுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2022ல் மீண்டும் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே சலுகைக்காக இந்து என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே வீட்டில் அம்மா காகிதத்தில் கிறிஸ்தவர், மகன் காகிதத்தில் இந்து என்றால், அதை இரட்டை வேடம் என்று ஏளனம் செய்பவர்கள் சட்டம் அந்தக் குடும்பத்தை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் சாதி இழிவு போய்விடுவதில்லை. உதவித்தொகை மட்டும் போய்விடுகிறது. அந்த ஆணை மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாறும் வரை, காகிதத்தில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோர் முடிவு செய்யக் கூடாது. அதன் விலையைப் பிள்ளைதான் வாழ்நாள் முழுக்கக் கொடுக்கப் போகிறது. அந்தப் பேச்சும் குடும்ப ஜெபத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

சபைகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மும்பைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் 1980களில் ஆயர் போஸ்கோ பென்ஹா முன்னின்று வளர்த்த அன்பியங்கள் என்னும் சிறு குழுக்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் மாறி மாறிக் கூடும் வழக்கத்தை ஏற்படுத்தின. தாராவியின் தமிழ்ச் சபைகளும் எந்தக் குடும்பம் எங்கே போகப் போகிறது என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொண்டு, போகும் இடத்திலேயே நான்கைந்து வீடுகளை இணைத்துவிடலாம். புது வீடு பிரதிஷ்டைக்குப் போதகரை அழைக்கும்போது, வீடு யார் யார் பெயரில் இருக்கிறது என்று அவர் கேட்கட்டும். குடும்ப விவகாரத்தில் போதகர் தலையிடலாமா என்று சிலர் கோபப்படுவார்கள். திருமணத்துக்கு ஓலை வாசிக்கும்போது தடை உண்டா என்று மூன்று ஞாயிறு சபை முழுக்கக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்றால், சகோதரியின் பங்கு என்னவாயிற்று என்று ஒருமுறை கேட்கவும் இருக்கிறது.